நான் மட்டும் ஓட்டக்கூடிய வண்டி

எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வருமானால், அது நான் மட்டும் ஓட்டக்கூடிய ஸ்கூட்டராகத்தான் இருக்கும். ஓணம் கழிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குளியலறைக்குள் நின்றுகொண்டு இந்தத் தீர்மானத்தை எடுத்தேன். முக்கியமான தீர்மானங்களை நான் அங்கேதான் எடுப்பது வழக்கம். எங்கள் வீட்டில் ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழுகிற கதவு அது ஒன்றுதான்.

என்னைச் சுயநலக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இது தற்காப்பு.

என் பெயர் பகவதிப்பெருமாள். வயது ஐம்பத்திரண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போகிற சரக்குக்குச் சீட்டு எழுதுகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஷட்டரை இழுத்துவிடுவார்கள். அங்கிருந்து பழவங்காடிக்கு ஐந்து நிமிட நடை. பழவங்காடியிலிருந்து கரமனைக்கு பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம். கணக்குப்படி நான் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கவேண்டும். பதினோரு வருடமாக ஏழு மணிக்குத்தான் போகிறேன்.

கேட்டால், பஸ் கிடைக்கவில்லை என்பேன். என் மனைவி செண்பகவல்லி தலையாட்டுவாள். பதினோரு வருடமாக ஒருத்தனுக்கு மட்டும் பஸ் கிடைக்காமல் போவது எப்படி என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வெகுளி என்று நினைத்திருந்தேன்.

உண்மையில் அந்த ஒரு மணி நேரம் பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அங்கே ஒரு டீக்கடை. கடைக்கு வெளியே ஒரு பெஞ்சு. எனக்குச் சர்க்கரை போட்ட டீ ஒன்று, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டு. இந்த இரண்டையும் தொடக்கூடாது என்று டாக்டர் சீட்டில் எழுதி, எழுதியதன் அடியில் கோடும் போட்டுத் தந்திருக்கிறார். பெஞ்சின் மறுமுனையில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஞானையன் உட்கார்ந்திருப்பார். சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் அவருக்கு வேலை. நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசுவதற்கா அங்கே போகிறோம்? அங்கே யாரும் என்னிடம் சரக்கு எப்போது வரும் என்று கேட்பதில்லை. மல்லித்தழை வாங்கினீர்களா என்று கேட்பதில்லை. ஒரு நாளின் இருபத்துநாலு மணி நேரத்தில் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடியது அந்த ஒன்றுதான். அதை இழந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து, வழக்கம்போலக் காரணம் சொன்னேன். செண்பகவல்லி தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். பூஜப்புரை, கைமனம், பாப்பனங்கோடு என்று நாலு திசையிலும் அவளுக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு.

"பாவம், உங்களுக்குத் தெனமும் பஸ் கெடைக்க மாட்டேங்கு" என்றாள். "நாம ஒரு கரண்டு ஸ்கூட்டர் எடுத்தா என்ன?"

"எதுக்கு?"

"நீங்க நேரத்துக்கு வீட்டுக்கு வரலாம்லா. எனக்கும் துணி கொண்டு குடுக்க ஆகும். எனக்கு அடுத்த மாசம் சிட்டி விழுது."

சிட்டி என்றால் சீட்டு. மூன்று வருடமாகக் கட்டி வந்தது. பணம் அவளுடையது, பரிதாபம் எனக்கானது. எதைச் சொல்லி மறுப்பது? நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனேன்.

உள்ளே நின்று யோசித்தபோது ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்தும் வருவது தெரிந்தது. முதலாவது, சொந்த வண்டி வைத்திருப்பவன் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. கொஞ்ச நேரம் கலங்கித்தான் போனேன். அப்புறம் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டபோது புத்தி தெளிந்தது. கரண்டு வண்டிக்குச் சார்ஜ் என்று ஒன்று இருக்கிறதே. சார்ஜ் தீர்ந்துவிட்டது, ஆபீசில் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன் என்று சொன்னால் முடிந்தது. பஸ் வந்ததா இல்லையா என்றாவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பாட்டரிக்குள் எவ்வளவு இருந்தது என்று யார் பார்த்தார்கள்? சாக்கு என்ற வகையில் பெட்ரோலைவிடக் கரண்டு எவ்வளவோ மேல்.

இரண்டாவது ஆபத்துதான் பெரிது. வண்டியை அவள் ஓட்டக் கற்றுக்கொண்டால், ஐந்தரைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போக ஆபீஸ் வாசலுக்கே வந்துவிடுவாள். இது கற்பனை இல்லை. ஞானையனுக்கு நடந்தது.

போன வருடம் அவர், விலை குறைவு என்று, லைசன்ஸ் தேவைப்படாத ஸ்லோ ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதனால் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். அவருடைய மனைவி பொன்செல்வி முதல் வாரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டாம் வாரம் தெருமுனை வரைக்கும் ஓட்டினாள். மூன்றாம் வாரம், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, சந்துக்குள் ஒரு விளக்கு வந்தது. சத்தமே இல்லை. அந்த வண்டிகளில் அதுதான் பெரிய கோளாறு. ஞானையன் பாதிப் பழம்பொரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அவர் பெஞ்சுக்கு வருவது பொன்செல்விக்கு ஜெபக்கூட்டம் இருக்கிற புதனும் வெள்ளியும் மட்டும்தான். மற்ற நாட்களில் மறுமுனை காலியாக இருக்கும். நான் அதைப் பார்க்காமல் டீ குடிப்பேன்.

ஆகவே எனக்கு வேண்டிய வண்டியின் லட்சணம் தெளிவாகிவிட்டது. லைசன்ஸ் இல்லாதவர் தொடமுடியாத வண்டி. செண்பகவல்லிக்கு லைசன்ஸ் கிடையாது. எனக்கு உண்டு. முப்பது வயதில், எட்டு போட்டு, முறைப்படி எடுத்தது. மரப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

பத்து நாள் ஆராய்ச்சி செய்தேன். போனில் வண்டி வண்டியாகப் பார்த்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மற்றவர்கள் விலை, தூரம், வேகம் என்று எழுதுவார்கள். நான் இரண்டே கட்டம் போட்டேன். ஒன்று, இவள் ஓட்டமுடியுமா. மற்றது, சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் தீரும். இதில் ஒரு தர்மசங்கடம் இருந்தது. சீக்கிரம் தீர்கிற வண்டியெல்லாம் லைசன்ஸ் வேண்டாத வண்டி. லைசன்ஸ் வேண்டிய வண்டியெல்லாம் நூறு கிலோமீட்டர் ஓடித் தொலைக்கிறது. கரமனையிலிருந்து பழவங்காடிக்கு மூன்று கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் வண்டியை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு சார்ஜ் தீர்ந்தது என்று சொல்வேன்? கடைசியில், லைசன்ஸ் வேண்டிய வண்டிகளிலேயே மிகச் சிறிய பாட்டரி உள்ள ஒன்றைக் கண்டுபிடித்தேன். அறுபது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. ஏற்ற இறக்கம், சாயங்கால நெரிசல், என் உடம்பு எல்லாம் சேர்த்தால் நாற்பது என்று வாதாடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பனங்கோட்டுப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வினீத் என்று ஒரு இளைஞர், மலையாளமும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு, எங்களை நேராக ஸ்லோ வண்டிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். நீல நிறம். முன்னால் ஒரு கூடை.

"சேச்சி, இதுக்கு லைசன்ஸ் வேண்டா, ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டா" என்றார். "வீட்டில ஆர்க்கும் ஓட்டாம்."

யார் வேண்டுமானாலும் ஓட்டலாமாம். அந்த 'ஆர்க்கும்' என் நெஞ்சில் இறங்கியது. செண்பகவல்லியின் முகம் மலர்ந்துவிட்டது. சீட்டைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பிப் பொட்டைச் சரிசெய்தாள். கூடையில் தன் பையை வைத்துப் பார்த்து, இதில் பன்னிரண்டு ஜாக்கெட் பிடிக்கும் என்றாள். விலையைக் கேட்டுவிட்டு, நம்ம தரத்துக்கு இதுதான் சரி, இதுவே போதும் என்றாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு பொருளைப் பார்த்து அவள் போதும் என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும்.

நான் பேச்சை மாற்றி, என் நோட்டில் இருந்த வண்டியைக் காட்டச் சொன்னேன். அடர் சாம்பல் நிறம், கொஞ்சம் உயரம், விலை முன்னதைப்போல ஒன்றரை மடங்கு. செண்பகவல்லி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நீல வண்டிக்கே திரும்பிவிட்டாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரி சரஸ்வதியம்மாள் பிளக் போட விடமாட்டார். பாட்டரியைக் கழற்றி மேலே கொண்டுபோகமுடியுமா என்றாள். இரண்டு வண்டியிலும் முடியும், சாம்பல் வண்டியில் பதினோரு கிலோ இருக்கும் என்றார் வினீத். செண்பகவல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் வினீத்தைத் தனியாக அழைத்து, சாம்பல் வண்டியில் சார்ஜ் அதிகபட்சம் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று விசாரித்தேன்.

"சாரே, எல்லாரும் எத்ர தூரம் ஓடும்னு கேப்பாங்க" என்றார். "எப்ப நிக்கும்னு கேட்டது சாராக்கும் முதல் ஆளு."

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். வரும் வழியெல்லாம் அவள் நீல வண்டியைப் பற்றியே பேசினாள். கூடைக்கு ஒரு துணி உறை தைக்கப்போவதாகவும் சொன்னாள். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பெஞ்சில் ஞானையனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். அடிபட்டவருக்குத்தானே வலி தெரியும்.

"வே, அந்தச் சின்ன வண்டியை மட்டும் வாங்கிராதியும்" என்றார். "நானே வந்து ஒம்ம வீட்டுக்காரிக்கிட்டச் சொல்லுதேன்."

சொன்னபடியே வெள்ளிக்கிழமை என்னோடு வீட்டுக்கு வந்தார். என் செலவில் இரண்டு பழம்பொரி அதிகமாகச் சாப்பிட்டிருந்ததால் நன்றியோடு பேசினார். ஸ்லோ வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். ஜகதி ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏறாது. பொன்செல்வி ஓட்ட, இவர் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வருவாராம். போன மாதம் ஏற்றத்தின் உச்சிக்கு இவர் முதலில் போய்ச் சேர்ந்து, வண்டிக்காகக் காத்துக்கொண்டு நின்றாராம். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுப்பதே இல்லையாம். இதெல்லாம் நிஜம் என்பதால் அவர் குரலில் ஒரு உருக்கம் இருந்தது. செண்பகவல்லி அவருக்கு அடையும் காப்பியும் கொடுத்து, எல்லாவற்றையும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அப்படின்னா பெரிய வண்டிதான் நல்லதுன்னு சொல்லுதியளா அண்ணாச்சி?"

"சந்தேகமே வேண்டாம்மா. அதுவும் அந்தச் சாம்பல் வண்டி இருக்கே, யானையாக்கும்."

அவர் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

ஞானையன் போனபிறகு நான் வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த இடம் நுட்பமானது. வெற்றி முகத்தில் தெரிந்துவிடக்கூடாது.

"எனக்கு ஒண்ணுதான் சங்கடமா இருக்கு" என்றேன்.

"என்ன?"

"பெரிய வண்டின்னா லைசன்ஸ் வேணும். உன்னால ஓட்டமுடியாமப் போயிருமே."

"அதனால என்ன? நீங்க இருக்கியள்லா."

"ஜாக்கெட் கொண்டு குடுக்கணும்னு ஆசைப்பட்டியே."

"ஞாயித்துக்கெழமை நீங்க கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். "ஒங்க இஷ்டம்போலச் சாம்பல் வண்டியே எடுப்போம். சிட்டிப் பணம் போக மிச்சத்துக்கு என் காப்பை வேணா வைக்கேன்."

எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. காப்பெல்லாம் வேண்டாம், மிச்சத்தை என் போனஸிலிருந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த போனஸை நான் வேறு ஒன்றுக்காக வைத்திருந்தேன். பரவாயில்லை. ஒரு மனிதன் தன் சுதந்திரத்துக்காக எவ்வளவோ கொடுக்கிறான். இன்னும் பெருந்தன்மையாக, வண்டி உன் பேரிலேயே இருக்கட்டும் என்றேன். பேரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப்போகிறாள்? அவள் சரி என்றாள். அன்று நான் குளியலறையில் கொஞ்சம் பாடினேன் என்று நினைக்கிறேன்.

வண்டி கையில் கிடைத்தது ஐப்பசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. திட்டம் இதுதான்: ஷோரூமில் வண்டியை எடுத்து, நான் ஓட்ட, அவள் பின்னால் உட்கார, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் பூஜை போட்டுவிட்டு வீட்டுக்கு வருவது. திங்கட்கிழமையிலிருந்து நான் ஆபீசுக்கு வண்டியில் போவது. திங்கட்கிழமை சாயங்காலமே முதல் தடவையாகச் சார்ஜ் தீர்வது.

வினீத் சாவியை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஷோரூம்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் சாவியை எடுக்கப்போகும்போது, சாரே லைசன்ஸ் ஒண்ணு காட்டுங்க, வழியெல்லாம் கேமராவும் செக்கிங்கும் உண்டு, அதனால் கடையில் ஒரு வழக்கம் என்றார். நான் தயாராகத்தான் வந்திருந்தேன். மரப்பெட்டியிலிருந்து எடுத்த லைசன்ஸைப் பையிலிருந்து உருவி, கொஞ்சம் அலட்சியமாகவே நீட்டினேன். அதிலிருந்த போட்டோவில் எனக்கு நிறைய முடி இருந்தது.

வினீத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சாரே, இது கழிஞ்சுபோச்சே" என்றார். "அம்பது வயசு வரைக்கும்தான் இருக்கு. முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"புதுப்பிச்சாப் போச்சு."

"ஒரு வருஷத்துக்குள்ள வந்திருந்தா புதுக்கிருக்கலாம். இனி திரும்பவும் டெஸ்டாக்கும். எட்டு எடுக்கணும்."

எட்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைதானத்தில் எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் கம்பிகளை நட்டிருப்பார்கள். அதற்குள் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டி வெளியே வரவேண்டும். கம்பியில் இடிக்கக்கூடாது, கால் தரையில் படக்கூடாது. இந்த ஊரில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் அந்த எட்டுக்குள் விழுந்து எழுந்தவர்கள்தான். கடைசியாக நான் ஒரு ஸ்கூட்டரை ஓட்டியது எட்டு வருடத்துக்கு முன்னால்.

ஷோரூமில் கைதட்டியவர்கள் எல்லோரும் இப்போது வேறு வேலை இருப்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்கள். லைசன்ஸ் இல்லாதவர்கள் தொடமுடியாத வண்டி ஒன்றைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, என் போனஸையும் கொட்டி வாங்கி நிறுத்தியிருக்கிறேன். அதைத் தொடமுடியாதவன் நான். வண்டியை ஒரு வேனில் ஏற்றி வீட்டில் இறக்கமுடியுமா என்று வினீத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"வேன் எதுக்கு?" என்றாள் செண்பகவல்லி.

பூஜைக்கு வைத்திருந்த தேங்காய்ப் பையைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டி வினீத்திடம் நீட்டினாள். வினீத் பார்த்துவிட்டு, ஓ சேச்சி, மதி மதி, இது போதும் என்று தலையாட்டி, சாவியை அவள் கையில் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். செண்பகவல்லியின் படம். கீழே லைசன்ஸ் நம்பர். கொடுத்த தேதி ஓணத்துக்கு முந்திய மாதம். அதாவது, ஸ்கூட்டர் எடுத்தால் என்ன என்று என்னிடம் அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

அவள் தேங்காய்ப் பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டையும் எடுத்தாள். கடைக்காரர்கள் கொடுத்தது ஒன்று இருக்கிறதே என்றேன். அது ஓட்டுகிறவர்களுக்கு, பின்னால் உட்காருகிறவர்களுக்கும் வேண்டும் என்று சட்டம் இருக்கிறதல்லவா என்று சொல்லி அதை என் தலையில் வைத்தாள். கச்சிதமாக இருந்தது. என் தலையின் அளவை அவள் எப்போது எடுத்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தையற்காரி.

பாப்பனங்கோட்டிலிருந்து பழவங்காடி வரைக்கும் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். நன்றாகத்தான் ஓட்டினாள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நிதானமாகப் போனாள். கை காட்டவேண்டிய இடத்தில் கை காட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் சிக்னலில் நின்றபோதுதான் என்னால் பேசமுடிந்தது.

"நீ நீல வண்டிதானே வேணும்னு சொன்னே?"

"நல்லாருக்குன்னு சொன்னேன். அது ஏத்தத்துல ஏறாதுன்னு பொன்செல்வி போன வருஷமே சொல்லிட்டாளே" என்றாள் திரும்பாமல். "இதுதான் வேணும்னு நான் கேட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பியளா?"

யோசித்துப் பார்த்தேன். வாங்கியிருக்கமாட்டேன். விலையைச் சொல்லி, அந்த நீல வண்டியைத்தான் அவள் தலையில் கட்டியிருப்பேன்.

பழவங்காடியில் பூஜை முடிந்தது. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை அவள்தான் நசுக்கினாள். தேங்காயை உடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தாள். நான் ஓங்கி எறிந்தேன். முதல் தேங்காய் உடையாமல் உருண்டது. இரண்டாவதுதான் உடைந்தது. செண்பகவல்லி நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், சந்துக்குள் அந்த பெஞ்சின் ஒரு கால் தெரியும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"எப்பப் படிச்சே?" என்று கேட்டேன்.

"சாயங்காலந்தான். நம்ம வீட்டுக்குப் பின்னால, வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்க ஐயப்பன் ஆசானோட கிரவுண்டுல. அஞ்சரைலேருந்து ஆறரை வரைக்கும். ரெண்டு மாசம்."

"எனக்குத் தெரியவே இல்லையே."

"எப்படித் தெரியும்? நீங்க பஸ்சுக்கு நிக்கிற நேரம்லா" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க ஒருநாள்கூட ஏழு மணிக்கு முன்னால வந்துராததாலதான் முடிஞ்சுது. ஆறு மணிக்கு வந்து காப்பி கேட்டிருந்தியன்னா நான் எங்க எட்டு எடுத்திருக்கப் போறேன்."

பதினோரு வருடமாக நான் கட்டிக் காத்த ஒரு மணி நேரம். அதில் நான் டீ குடித்தேன். அவள் லைசன்ஸ் எடுத்திருக்கிறாள்.

ஆனாலும் நான் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிற ஆள் இல்லை. மிஞ்சியதையாவது காப்பாற்றவேண்டும். சட்டென்று ஒரு வழி தோன்றியது. எவ்வளவு யோசித்தாலும் அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. செண்பகம், இந்த வண்டி உனக்குத்தான் ரொம்பத் தேவை, ஜாக்கெட் கொடுக்கப் போகவர நீயே வைத்துக்கொள், என்னைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர நீ சிரமப்படவேண்டாம், நான் எப்போதும்போல பஸ்ஸிலேயே வந்துகொள்கிறேன் என்றேன். குரலில் தியாகம் கலந்து சொன்னேன்.

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். எனக்கும் அதுதான் சௌகரியம் என்றாள். லைசன்ஸுக்கு மட்டும் காலை ஆறு மணி வகுப்பில் என் பேரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். காலைதானே, போகட்டும். எனக்குள் ஒரு விளக்கு மறுபடியும் ஏறியது. வண்டி அவளுக்கு, பஸ் எனக்கு, சாயங்காலம் பழையபடி. நான் தோற்கவில்லை. கொஞ்சம் சுற்றி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். கிளப்புவதற்கு முன்னால் லேசாகத் திரும்பினாள்.

"பஸ் கெடைக்கலேன்னா மட்டும் ஒரு போன் பண்ணுங்க" என்றாள். "பத்தே நிமிஷத்துல வந்து ஏத்திக்கிடுதேன்."

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. வண்டி நன்றாக ஓடுகிறது. ஜகதி ஏற்றத்தில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு முனகாமல் ஏறுகிறது. ராத்திரி பாட்டரியை மாடிக்குத் தூக்குவது என் பொறுப்பு, அதற்கு லைசன்ஸ் வேண்டாம். எட்டில் இரண்டு தடவை கால் ஊன்றித் தோற்றிருக்கிறேன். பொறுமையாக இருங்கள், சேச்சி எவ்வளவு அழகாக எடுத்தார் தெரியுமா என்று ஐயப்பன் ஆசான் தைரியம் சொல்கிறார். நான் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறேன்.

பழவங்காடியில் எனக்கு ஒருநாள்கூட பஸ் கிடைக்காமல் போகவில்லை.